மகிழ்ச்சி கூலியாகுமா?

சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களுக்கு முன் நமது இல்லத்தில் ஒரு சிறு பேரம் நடந்தது. பெருநாள் வந்து போய்விட்டது. அந்தப் பேரம் மட்டும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. பேசப்பட்ட பொருள் எட்டு வளையல்கள். எழுந்த கேள்வியோ வளையலோடு நிற்கவில்லை.

நமது தம்பி மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கிறாள். பட்டு நூலில் வளையலும் ஜிமிக்கியும் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த வேலையை அருகிருந்து பார்க்காதவர்களுக்கு இது விளையாட்டாகவே தோன்றும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். சாதாரண பிளாஸ்டிக் வளையல் ஒன்றை எடுத்துக்கொண்டு, இருபது முப்பது இழைகளை ஒன்றாகச் சேர்த்த பட்டு நூலை அதன்மீது இடைவெளி தெரியாமல் சுற்றிக்கொண்டே வரவேண்டும். இழைகள் ஒன்றன்மீது ஒன்று ஏறிவிட்டால் மேடு தட்டும். விலகிவிட்டால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். பசை குறைந்தால் நூல் அவிழும். கூடினாலோ பட்டின் பளபளப்பு மடிந்து கறை படியும். விரல் சிறிது சொரசொரப்பாக இருந்தாலும் இழை பிசிறிவிடும் என்பதால், பாத்திரம் தேய்த்த கையோடு இவ்வேலையில் உட்கார முடியாது. இரவில் குழல் விளக்கின் கீழ் மயில் கழுத்தாகத் தெரிந்த நூல், காலையில் முற்றத்து வெயிலில் வேறொரு பச்சையாக நின்று கேலி செய்யும்.

அளவு தவறினாலோ எல்லாம் வீண். வளையல் அளவை ‘இரண்டு ஆறு’ என்கிறோம். இரண்டு அங்குலமும், அதற்குமேல் ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பங்கிட்டதில் ஆறு பங்கும் என்பது அதன் பொருள். ‘இரண்டு ஆறு’ கேட்டவருக்கு ‘இரண்டு நாலு’ செய்துவிட்டால், பதினாறில் இரண்டே பங்குதான் வேறுபாடு. ஆனால் ஒரு பகற்பொழுதின் உழைப்பு அவர் கைக்கு ஏறாது. அப்படி ஏறாத வளையல்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நம் வீட்டில் இருக்கின்றன. அவள் அந்த டப்பாவைத் திறப்பதில்லை.

இத்தனை தொல்லைகளுக்கும் இடையே, அவ்வேலையில் அவளுக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். மூன்று முறை ‘சாப்பிட வா’ என்று அழைத்தும் காதில் விழாமல் குனிந்திருப்பாள். கடைசிக் கல்லை ஒட்டி முடித்து, வளையலை விரல் நுனியில் தொங்கவிட்டு, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் அந்தக் கணத்தில் அவள் முகத்தில் பரவும் நிறைவு, தேர்வில் முதல் வகுப்பு வாங்கியபோதும் நாம் பார்க்காத நிறைவு.

இனிப் பேரத்துக்கு வருவோம். தூரத்து உறவான பெண்மணி ஒருவர், தம் மகளின் நிக்காஹுக்கு வருகிறவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட ஒரு செட் வளையல் கேட்டிருந்தார். அவர் கொடுத்தனுப்பிய ரவிக்கைத் துணிக்கு நிறம் பொருத்தி எட்டு வளையல்கள் செய்து வைத்திருந்தாள். முந்நூறு ரூபாய் என்றாள்.

“முந்நூறா? வீட்ல சும்மா இருக்குற நேரத்துல செஞ்சதுதானே கண்ணு! உனக்கும் பொழுது போச்சு. நூத்தைம்பது வச்சுக்க” என்றார் அவர்.

அவளும் சிரித்துக்கொண்டே, “சரி மாமி” என்று கொடுத்துவிட்டாள். அன்றிரவு கணக்குப் பார்த்தோம். நூல், வளையல், கல், பசை எல்லாம் சேர்த்து நூற்றிருபது ரூபாய். வேலை ஆறு மணி நேரம். ஆக, ஆறு மணி நேர உழைப்புக்கு அவள் பெற்றது முப்பது ரூபாய். மணிக்கு ஐந்து ரூபாய். அந்தப் பெண்மணி கொடுமைக்காரர் அல்லர். தர்மத்துக்குக் கை நீட்டுகிறவர். நோயுற்றவர் வீட்டுக்கு முதலில் போய் நிற்கிறவர். அவர் சொன்னது எதுவும் தவறென்று அவருக்குத் தோன்றவில்லை. நமக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் கூறியதில் இரண்டு சொற்கள் சிந்திக்கத்தக்கன. ஒன்று ‘சும்மா’. ஞானிகள் அரும்பேறாகப் போற்றிய இச்சொல்லை நம் வீட்டுப் பெண்களுக்கு எத்தனை மலிவாகச் சூட்டிவிட்டோம்! சம்பளம் வராத வேலையெல்லாம் சும்மா. வீட்டு வாசலைத் தாண்டாத உழைப்பெல்லாம் சும்மா. மற்றொன்று ‘பொழுது போச்சு’ என்பது. அதாவது, நீ இதில் இன்பம் கண்டாய். அந்த இன்பமே உன் கூலியில் ஒரு பகுதி. ஆகவே மிச்சத்தை மட்டும் நான் தருகிறேன் என்பது அதன் உட்பொருள். இதுதான் நம்மை உறுத்திய கேள்வி. செய்பவர் அடையும் மகிழ்ச்சியை வாங்குபவர் விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாமா?

கழித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குப் பெரிய துணைகள் உண்டு. இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் (1834–1896), உழைப்பில் மனிதன் காணும் மகிழ்ச்சியே கலையாக வெளிப்படுகிறதென்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். கைத்தொழிலைப் பற்றி மேடையில் பேசுவோர் இன்றும் அவரைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆனால் அதே மோரிஸ்தான் 1880-களில் தொழிலாளர் பக்கம் சேர்ந்து, அவர்களுடைய வாழ்வுரிமைக்காகத் தெரு முனைகளில் நின்று பேசியவர். மகிழ்ச்சி இருப்பதால் கூலி குறையலாமென்று அவர் கூறவில்லை; மகிழ்ச்சியும் நல்வாழ்வும் இரண்டுமே உழைப்பவனுக்கு உரியவை என்றார். நாம் அவருடைய பேச்சில் நமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இன்னும் எளிதாகவே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தம் தொழிலை உயிராக நேசிக்கும் மருத்துவர்கள் உண்டு. அறுவைச் சிகிச்சை செம்மையாக முடிந்த நாளில் அவர்கள் அடையும் பூரிப்பு நம் வளையல்காரியின் பூரிப்புக்குக் குறைந்ததன்று. அவர்களிடம் போய், ‘தங்களுக்குத்தான் இதில் மகிழ்ச்சி கிடைக்கின்றதே, பாதிக் கட்டணம் போதாதா?’ என்று நம்மில் யாரேனும் கேட்டிருக்கிறோமா? கேட்பதில்லை. எனவே, மகிழ்ச்சியைக் கழிப்பது பொது நியாயமன்று. மறுத்துப் பேசமாட்டார்கள் என்று நாம் அறிந்திருக்கும் இடத்தில் மட்டும் அந்த நியாயத்தைப் பயன்படுத்துகிறோம்.

இதை எழுதும் தகுதி நமக்கு இருக்கின்றதா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொண்டால், பழைய நினைவொன்று எழுந்து முன்னே நிற்கின்றது. 1990-களின் இறுதியில் ஒருமுறை, திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் பாதையில் பத்தமடையில் இறங்கினோம். பத்தமடைப் பாயை அறியாத முஸ்லிம் குடும்பம் தமிழகத்தில் அரிது. அங்கே பாய் நெய்வோர் பெரும்பாலும் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். 1953-ல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குத் தங்களூர்ப் பாய் போனதென்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

நாம் நுழைந்த வீட்டில் தறி என்று நிமிர்ந்து நிற்கும் பொருள் எதுவுமில்லை. தரையோடு தரையாக நூற்பாவு நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. அதன்மேல் குறுக்கே கிடந்த பலகையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் குந்தியிருந்து, ஒரு நீண்ட குச்சியால் கோரையை ஒவ்வொன்றாகச் செலுத்தி, அச்சை இழுத்து நெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு கோரை, ஓர் அடி. ஒரு கோரை, ஓர் அடி. அடி ஒரே சீராக விழாவிட்டால் பாய் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்து கோணிக்கொள்ளும் என்றார். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறி, வெயிலில் காயவைத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, ஊறி உப்பியதை மறுபடி உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்தெடுப்பதற்குள்ளேயே பாதிப் பொறுமை செலவாகிவிடும். ‘பட்டுப் பாய்’ என்று சொல்லப்படும் மிக நுண்ணிய பாய்க்கு அந்த இழையும் தலைமயிர் போல மெலிந்திருக்க வேண்டும். ஊறல் கூடினால் கோரை அழுகும். குறைந்தால் நெய்யும்போது ஒடியும். மழைக்காலத்தில் எதுவும் காயாது. இடுப்பு வலியைப் பற்றி அவர் புகார் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், அவ்வளவே.

அங்கே முடிந்து கிடந்த பட்டுப் பாய் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். துணியைப் போல மடிந்தது. வாரக்கணக்கில் நெய்தது என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் நமக்கு நாவில் வழக்கமான சொற்கள் ஊறிவிட்டன. வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றோம். டவுனில் இதைவிடக் குறைவு என்றோம். அது உண்மையா என்று நமக்கே தெரியாது. பேசிப் பேசி நான்கில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டோம். கடைசியில் அவர் பாயைச் சுருட்டி நீட்டியபடி சொன்னார்: “நெய்யுற வரைக்கும் மனசு நல்லா இருந்துச்சு. நீங்க கொண்டுபோங்க.”

அந்தச் சொல்லை அப்போது நாம் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். வழியெல்லாம் அதை மேற்கோளாக நண்பர்களிடம் கூறி, ‘பாருங்கள், என்ன நிறைவான மனம்!’ என்று வியந்தோம். அது எவ்வளவு பெரிய அறியாமை! நெய்கிற வரைக்கும் நன்றாக இருந்தது என்றால், அதற்குப் பின் நன்றாக இல்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கின்றது. நம்மோடு பேரம் பேசிய அந்தக் கால் மணி நேரத்தைத்தான் அவர் அந்த நல்ல நேரத்திலிருந்து பிரித்துச் சொன்னார்.

அதே திருநெல்வேலிச் சீமையில், அதே நம் பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்யும் மற்றொரு தொழில் பீடி சுற்றுவது. மேலப்பாளையத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் பீடித் தட்டு இல்லாத திண்ணையைக் காண்பது கடினம். பீடி சுற்றுவதில் மகிழ்ச்சி இருக்கின்றதென்று யாரும் பாடியதில்லை. புகையிலைத் தூள் நெஞ்சுக்குள் போகும். இலையை வெட்டி வெட்டி விரல் தேயும். எண்ணிக்கை ஒன்றே குறி. ஆயினும் 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று அரசு நிர்ணயித்தது. அது போதுமானதா, முழுமையாகக் கைக்கு வந்ததா என்பவை வேறு வழக்குகள். ஆனால் கேட்பதற்கு ஓர் எண்ணாவது இருந்தது. பாய் நெய்த பெண்ணுக்கோ அப்படி ஓர் எண் இல்லை. வாங்க வருபவரின் மனமே அவருக்குச் சட்டம். மகிழ்ச்சியில்லாத வேலைக்குக் கூலி என்று பெயர் வந்தது. மகிழ்ச்சியுள்ள வேலைக்குக் கலை என்று பெயர் வந்தது. கலை என்ற பெயரை வைத்துச் சோறு வடிக்க முடியாது. பாயை விட்டுப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்ட பெண்களை, ‘அருமையான கலையைக் கைவிட்டுவிட்டார்களே’ என்று குறைகூறுவோர், முதலில் தாங்கள் கடைசியாக வாங்கிய பாய்க்கு என்ன கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. அகமதாபாதில் எலா பட் அம்மையார் 1972-ல் ‘சேவா’ என்ற பெண்கள் சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கென்று அதிகாரிகள் தயங்கினார்கள். வீட்டில் வேலை செய்பவர்களும் மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்தப்பட வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை செய்யவே 1996 ஆகிவிட்டது. அதையும் ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகச் சிலவே. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற போதனையை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். ஆனால் வியர்வை வீட்டுக் கூரைக்கடியில் சிந்தும்போது, அது வியர்வையென்றே நம் கண்ணுக்குப் படுவதில்லை போலும்.

இங்கே வாசகர்களில் சிலர் மறுத்துரைக்கலாம். எல்லாவற்றையும் மணிக்கணக்கிட்டு விலை பேசினால், வீட்டுக் கைவேலைக்கே உரிய அன்பு எங்கே போகும்? பிள்ளைக்குப் பின்னிய தொப்பிக்கும், மருமகளுக்குப் பூ வேலை செய்த முந்தானைக்கும் கூலி கேட்பதா? நியாயமான கேள்வி. அன்பளிப்பு என்பது வேறு. கொடுப்பவர் தாமாகக் கொடுக்கும்போதுதான் அது அன்பளிப்பு. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகின்றது. தமக்குப் பின் தம்மை முதலில் வந்தடைபவர் தம் மனைவியருள் கை நீண்டவரே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். அன்னையர் அனைவரும் தத்தம் கையை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20-ல் முதலில் மறைந்தவர் உருவத்தில் குட்டையான அன்னை ஸைனப் (ரலி) அவர்களே. தோலைப் பதனிட்டுத் தைத்து, கையால் உழைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்து வந்தவர் அவர். நீண்ட கை என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. நாம் இதில் கவனிப்பது ஒன்றே. கைவேலையின் பயனை ஏழைக்கு அளித்தது அந்தக் கைக்கு உரியவர். வாங்க வந்தவர் பேரம் பேசி அதைத் தர்மமாகப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

மறுப்புக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அது நமது வீட்டையே சுடுகின்றது. நமது தம்பி மகளுக்கு முப்பது ரூபாயில் அடுப்பு எரிய வேண்டியதில்லை. அவள் தகப்பனார் சம்பாதிக்கிறார். ஆகவே அவள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்க முடிந்தது. ஆனால் நம் தெருவுக்கு அடுத்த தெருவிலே கணவரை இழந்த பெண் ஒருவர் இதே வளையல்களைச் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். நூற்றைம்பதுக்கு ஒரு செட் கிடைத்துவிட்டது என்ற செய்தி நிக்காஹ் வீட்டில் பரவிய பின்பு, அவரிடம் போகும் பெண்கள் எந்த விலையைச் சொல்லிக் கேட்பார்கள்? பெருந்தன்மை என்று நாம் எண்ணியது, நமக்குத் தெரியாமலே அவருடைய பானையில் கையை விட்டிருக்கின்றது. இதை அவளிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப எனக்குச் சந்தோஷமா இருந்ததுகூடத் தப்பா?” என்று கேட்டாள். தப்பில்லை என்று உடனே சொன்னோம். ஆனால் அந்த விடை அவளுக்குப் போதவில்லை. உள்ளபடி கூறினால் நமக்கும் போதவில்லை.

அன்று முதல் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்து வருகிறாள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையில் நூல் சிக்கியதால் போன நேரம். சிக்கெடுத்த நேரத்தையும் விலையில் சேர்ப்பதா என்பதில் அவளுக்கும் அவள் உம்மாவுக்கும் வாக்குவாதம். நம்மைக் கேட்டால், சேர்ப்பதே சரி. சிக்கல் விழாத நூல் உலகத்தில் இல்லை. முந்நூறு சொன்னதும் இருவர் வாங்கினர். மூவர் திரும்பிப் போயினர். போனவர்களுள் ஒருவர் மனத்தாங்கலோடு போனார்.

ஜப்பான் நாட்டு அறிஞர் யானகி ஸோயெட்சு, 1936-ல் டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினைப் பொருட்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் அமைத்தவர். பேரும் புகழும் தேடாத கைவினைஞர் அன்றாடப் பயனுக்காகச் செய்த பாத்திரத்திலும் பாயிலுமே உண்மையான அழகு இருக்கின்றதென்பது அவர் கொள்கை. உயர்ந்த கருத்துதான். ஒரு காலத்தில் நாமும் அதில் மயங்கினோம். இப்போது சற்றுத் தயங்குகின்றோம். பெயரைத் தேடாதவர் என்பது வேறு. பெயரை யாரும் கேட்காதவர் என்பது வேறு அல்லவா? பத்தமடையில் திருமணத்துக்கென்று நெய்யும் பாய்களில் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் எழுத்து எழுத்தாகக் கோரையிலேயே நெய்து கொடுப்பதுண்டு. 2012-13-ல் அப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்து, ஊரின் பெயரும் காப்புப் பெற்றது. மணமகனுக்குப் பெயருண்டு, மணமகளுக்குப் பெயருண்டு, ஊருக்கும் உண்டு.

நாம் வாங்கி வந்த பாய் இன்றும் நம்மிடம் இருக்கின்றது. விருந்தாளிகள் வந்தால் மட்டுமே விரிப்போம். ஓரத்துச் சிவப்பு மங்கிவிட்டது. நடுப்பகுதி இன்னும் மினுமினுக்கின்றது. சென்ற வாரம் அவள் அதை எடுத்து விரித்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கோரை என்று ஊசி முனையால் எண்ணத் தொடங்கினாள். பாதியில் கணக்குத் தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் தவறியது. ஊசியை வைத்துவிட்டு, இதை நெய்தவர் பெயர் என்னவென்று கேட்டாள்.

நாம் அன்று அதைக் கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டோம்.